யார் விட்ட பந்து?

"எழுதுங்க ரைட்டரே. பனி எறங்குது, தாள் நனைஞ்சிரும்," என்றார் அம்பயர் ஜோஸ்வா.

விஜயகுமார் எழுதவில்லை. பென்சில் முனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி, மைதானத்தின் ஓரத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிக் கூட்டம். அதில் பாதிப் பேர் 'வைல்டு பிட்ச்' என்று எழுதச் சொன்னார்கள். மீதிப் பேர் 'பாஸ்டு பால்' என்று எழுதச் சொன்னார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதே அன்று காலையில்தான் விஜயகுமாருக்குத் தெரியவந்தது.

அவர் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். பெண்கள் பறித்து வரும் பழத்தை எடை போட்டு, யாருக்கு எவ்வளவு என்று எழுதுவது வேலை. சேலத்திலிருந்து ஸ்கோர் எழுத வரவேண்டியவர் ஏறிய பஸ், மலைப்பாதை வளைவில் மக்கர் பண்ணிய ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பி.டி. டீச்சர் சசிகலா, "கணக்குத் தப்பாம எழுதற ஆளு ஆராச்சும் இருக்கறீங்களா?" என்று கேட்டபோது, ஆட்டம் பார்க்க வந்திருந்த பெற்றோர் அத்தனை பேரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். விஜயகுமாருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெருமைக்குத்தான் இப்போது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மகள் கவிப்பிரியா கேட்சராக விளையாடும் அணிக்கும் வாழவந்தி அணிக்கும் சாஃப்ட்பால் இறுதிப் போட்டி. கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் ஓட்டம் சமம். வாழவந்தியில் இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் ஒரு பெண் ஓடத் தயாராக நிற்கிறாள். பேட்டைப் பிடித்திருந்தது சக்தி என்கிற ஒல்லிப் பெண். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று போனால் அவுட். கவிப்பிரியாவின் அணிக்குப் பந்து போடும் ஷெர்லின், கையை ஒரு சுழற்று சுழற்றிப் பந்தை விட்டாள். அந்த நேரம் பார்த்துப் பனி மைதானத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. சக்தி வேகமாக பேட்டை வீசினாள். பந்து பேட்டில் படவில்லை.

'தொப்' என்று ஒரு சத்தம் மட்டும் எல்லாருக்கும் கேட்டது. அடுத்த நொடி பந்து பக்கவாட்டில் தெறித்து, சில்வர் ஓக் மரங்களின் பக்கம் போய்ப் பனிக்குள் மறைந்தது.

மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடித்திருந்தால் சக்தி அவுட், அந்தச் சுற்றும் அதோடு முடிந்திருக்கும். பிடிக்காமல் விட்டுவிட்டால் பேட் பிடித்தவள் முதல் பேஸுக்கு ஓடலாம். இது பலருக்கு விசித்திரமாகப் படும். மூன்று முறை கோட்டை விட்டவளுக்கு நாலாவதாக ஒரு வாய்ப்பா என்று கேட்பார்கள். ஆனால் ரூல் அப்படித்தான். கவிப்பிரியா பனிக்குள் பந்தைத் தேடித் தடவிக்கொண்டிருக்க, சக்தி விந்தி விந்தி முதல் பேஸுக்கு ஓடினாள். அக்காவின் பெரிய ஷூவை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள் போல. மூன்றாவது பேஸில் நின்ற பெண் ஓடி வந்து ஹோம் பிளேட்டை மிதித்து ஓட்டம் எடுத்தாள். வாழவந்தி ஜெயித்துவிட்டது.

"ஓடுனது செல்லுமான்னு சொல்றது என்ற வேலை. செல்லும்னு சொல்லிட்டேன்," என்றார் ஜோஸ்வா. "பந்து ஆரால போச்சுன்னு சொல்றது உங்க வேலைங்க. மண்ணுல குத்தி வந்துச்சுன்னா வைல்டு பிட்ச், பந்து போட்டவ தப்பு. ஒழுங்கா வந்து கிளவுசுல பட்டு நழுவிருச்சுன்னா பாஸ்டு பால், பிடிக்கறவ தப்பு."

"நீங்க பின்னாடியேதானுங்க நின்னீங்க. என்ன பாத்தீங்க?"

ஜோஸ்வா முகக்கவசத்தைக் கழற்றி, அதற்குள்ளிருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று ஆவி பிடித்திருந்தது.

"பேட்டு சுத்துனது நெழலாத் தெரிஞ்சுச்சு. அப்பறம் எல்லாரும் ஓடுனாங்க. அவ்வளவுதானுங்க," என்றார்.

ஜோஸ்வாவை யாரும் குறை சொல்ல முடியாது. சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். தாளமும் தப்பாது, ரூலும் தப்பாது. அன்றைக்கே ஆரம்பத்தில், அவருடைய சொந்த அண்ணன் மகள் ஆஷ்லின் மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு பேட்டை வீச, பந்து அவள் முழங்கையில் பட்டது. 'ஐயோ' என்று அவள் போட்ட கூச்சல் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். பந்து மேலே பட்டால் இலவசமாக பேஸ் உண்டு என்ற நினைப்பில் முதல் பேஸைப் பார்த்து நடந்தவளை ஜோஸ்வா திருப்பிக் கூப்பிட்டார். "நீ அடிக்க வீசிட்டே கண்ணு. வீசுனதுக்கப்பறம் மேல பட்டா பந்து அங்கயே செத்துப்போச்சு. நீ அவுட்டு. ஒருத்தரும் ஓடவும் கூடாது," என்றார். ஆஷ்லின் அழுத அழுகையில் அவர் சொன்னதில் முக்கால்வாசி தூரத்தில் நின்ற யார் காதிலும் விழவில்லை. 'அவுட்டு' மட்டும் விழுந்தது. சொந்தப் பிள்ளைக்கே அவுட் கொடுத்த மனுசன் என்று கூட்டம் அசந்துபோனது.

விஜயகுமாரும்தான் அசந்துபோனார். அவர் இக்கட்டே அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால், பந்து போட்ட ஷெர்லினின் அம்மா தெரசம்மாள் அவர் எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். பிடிக்க வேண்டிய கேட்சர் விஜயகுமாரின் மகள். இரண்டு பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே பஸ் சீட்டு, சனி ஞாயிறானால் எஸ்டேட்டின் காப்பிக் களத்தில் ஒரே பந்து. இந்த ஸ்கோர் தாள் சேலத்துக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். இந்த மலையிலிருந்து ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இடம் என்று பேச்சு.

"கெளப்பி விட்டதே மண்ணுதானுங்கப்பா. மண்ணுல பட்டுத்தான் எகிறுச்சு," என்றாள் கவிப்பிரியா.

"கிளவுசுலதான் பட்டுத் தெறிச்சுது மாமா. நான் பாத்தேன்," என்றாள் ஷெர்லின்.

இரண்டு பேரும் பொய் சொல்லுகிற பிள்ளைகள் இல்லை. விஜயகுமார் ஒரு தடவை ஜோஸ்வாவைப் பார்த்தார். ஒரு தடவை, கூட்டத்தின் ஓரத்தில் கை கட்டி நின்ற தெரசம்மாளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மகள் பெயருக்கு நேரே 'பாஸ்டு பால்' என்று எழுதினார்.

"நியாயவான்," என்று யாரோ சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் அந்தச் சந்தோஷம் அடுப்பு மூட்டுகிற நேரம்கூடத் தாங்கவில்லை. கவிப்பிரியா பையை மூலையில் போட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏனுங்கப்பா, நீங்க பாத்தீங்களா?"

"எதைக் கண்ணு?"

"பந்து என்ற கிளவுசுல பட்டதை."

"பனியில என்ன தெரியும் சாமி."

"பாக்காம எப்புடி எழுதுனீங்க?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். 'ஊர் என்ன பேசுமோன்னு எழுதினேன்' என்பதுதான் பதில். அதை மகளிடம் சொல்ல முடியவில்லை.

"உங்களுக்கு நல்ல பேரு வேணும். அதுக்கு நான்தான் அகப்பட்டேன்," என்றாள் கவிப்பிரியா. அப்புறம் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மனைவி பாவாயி தட்டை அவர் முன்னால் வைத்தாள். வைத்த விதத்தில் குழம்பு கொஞ்சம் வெளியே தெறித்தது. "அடுத்தவங்க புள்ளையா இருந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருக்க மாட்டீங்க, யோசிச்சு எழுதியிருப்பீங்க," என்றாள். "ஊட்டுப் புள்ளைன்னா அவ்வளவு எளக்காரம்."

அது உண்மை என்பதால் விஜயகுமாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. தனக்கு நல்ல பேர் வேண்டும் என்பதற்காகப் பெற்ற பிள்ளையின் தலையில் பழியைக் கட்டுவது நியாயமா, கோழைத்தனமா என்று புரண்டு புரண்டு யோசித்தார். கோழைத்தனம்தான் என்று தோன்றியது.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சசிகலா டீச்சரைப் போய்ப் பார்த்தார்.

"டீச்சர், தாள் சேலத்துக்குப் போயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க. ஏனுங்க?"

"ஒரு ரப்பர் இருந்தாக் கொடுங்க."

பனியில் ஊறிய தாளை ரப்பரால் தேய்த்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. கவிப்பிரியாவின் பெயருக்கு நேரே இருந்தது அழிந்தது. கூடவே தாளும் கொஞ்சம் அழிந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில், ஷெர்லின் பெயருக்கு நேரே, 'வைல்டு பிட்ச்' என்று சின்னதாக எழுதிவிட்டு எஸ்டேட்டுக்குப் போனார்.

ஏற்காட்டில் பனியைவிட வேகமாகப் பரவுகிற சங்கதிகள் உண்டு. சாயந்திரம் எடை போடுகிற நேரத்துக்குள் தெரசம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த எஸ்டேட்டில் எடை போடுவதற்கு ஒரு பழக்கம் இருந்தது. பறித்த பழத்தைக் கொண்டுவந்து தராசில் மாட்டிவிட்டு, பெண்கள் குழாயடிக்குப் போய்விடுவார்கள். விஜயகுமார் எடையைச் சத்தமாகச் சொல்லி எழுதுவார். முகம் கழுவிக்கொண்டே காதில் வாங்கிக்கொள்வார்கள். தராசு முள்ளை யாரும் வந்து பார்த்ததில்லை. பார்ப்பது அவரைக் கேவலப்படுத்துவது மாதிரி.

அன்று தெரசம்மாள் சாக்கை மாட்டினார். குழாயடிக்குப் போகவில்லை. சுற்றி வந்து, விஜயகுமாரின் தோளுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்த்தார்.

"என்ன தெரசம்மா?"

"சும்மாதானுங்க."

"இத்தினி வருசமாப் பாக்காத முள்ளை இன்னிக்கு என்ன புதுசா?"

"இத்தினி வருசமா நீங்க அழிச்சு எழுதி நான் பாத்ததில்லீங்களே ரைட்டரய்யா," என்றார் தெரசம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

பின்னால் நின்ற பெண்களும் அதைக் கேட்டார்கள். அடுத்தவரும் முள்ளைப் பார்த்தார். அதற்கடுத்தவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒருவர் முள் சும்மா நிற்கும்போது சரியாக நிற்கிறதா என்று சாக்கை இறக்கச் சொல்லிப் பார்த்தார். பழம் ஏற்ற வந்த டிராக்டர்காரர் ஸ்டீயரிங் மேல் தலை வைத்துத் தூங்கியே போனார். விஜயகுமாருக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. மகளுக்காகச் செய்தது என்று சொல்லிக்கொண்டால் மட்டும் அது ஆறுகிறதா என்று பார்த்தார். ஆறவில்லை. மகளே அன்று காலை பள்ளிக்கூட வாசலில் வைத்து, "இப்பவாச்சும் பாத்துட்டுத்தான் மாத்துனீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

பஸ்ஸில் கவிப்பிரியா டிரைவருக்குப் பின்னாலும், ஷெர்லின் கடைசி சீட்டிலும் உட்கார ஆரம்பித்தார்கள். இருவரும் எப்போதும் உட்காரும் நடு சீட்டில் ஒரு பலாப்பழம் டிக்கெட் இல்லாமல் போய் வந்தது.

அதே சாயந்திரம், எடை முடிகிற நேரத்தில் வந்த கடைசிச் சாக்கைப் பார்த்தபோதுதான் விஜயகுமாருக்கு அந்த யோசனை உதித்தது. இரண்டு பெண்கள் ஒரே சாக்கில் பறித்திருந்தார்கள். யார் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது. அப்படி வந்தால் எஸ்டேட்டில் என்ன செய்வார்கள்? ஆளுக்குப் பாதி. அதில் இதுவரை ஒரு சண்டை வந்ததில்லை. இவ்வளவு சுலபமான வழி இருக்க, ரப்பரை எடுத்தது எவ்வளவு மடத்தனம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் சசிகலா டீச்சர் அவரைப் பார்த்ததுமே, "மறுபடியும் ரப்பராங்க?" என்றார்.

"இனிமேல் வேண்டியதில்லீங்க டீச்சர். முடிச்சிட்டேன்."

இரண்டு பெயருக்கும் நேரே 'அரை' என்று அழகாக எழுதிக் கொடுத்தார். அரை வைல்டு பிட்ச், அரை பாஸ்டு பால். மணி அடித்துவிட்ட அவசரத்தில் டீச்சர் சரியாகப் பார்க்காமல் அதைப் படம் பிடித்துச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்.

சேலத்துச் செயலாளர் உடனே கூப்பிட்டார். டீச்சர் போனை விஜயகுமாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"டீச்சர், அரை வைல்டு பிட்ச்னா என்னங்க அர்த்தம்? பந்து பாதி வழி நல்லா வந்துட்டு, அப்பறம் கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க சார், எங்க ஸ்கோரரு புதுசு..."

"அவரு என்ன வேலை பாக்கறாரு?"

"காப்பி எஸ்டேட்ல ரைட்டருங்க."

"இங்க பாருங்க," என்றார் செயலாளர். "திங்கக்கெழமைக்குள்ள ஒரு முடிவா எழுதி அனுப்புங்க. இல்லைன்னா அந்த ரெண்டு புள்ளைகளையும் விட்டுட்டு நாங்க வேற ஆளு பாத்துக்கறோம்."

போனை வைத்த பிறகு விஜயகுமார் கணக்குப் போட்டுப் பார்த்தார். முதலில் ஒரு பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்தார். அப்புறம் இன்னொரு பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்தார். இப்போது சரிபாதியாக இரண்டையும் கெடுத்துவிட்டார்.

"முழுசாத் தப்புப் பண்ணியிருந்தா ஒத்துக்கலாம். அரைத் தப்பு ஆருக்கு வேணும்?" என்றாள் கவிப்பிரியா வீட்டில். ஷெர்லினும் அவள் வீட்டில் வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னாளாம். பேசிக்கொள்ளாமல் இருந்தும் இதில் மட்டும் ஒத்துப்போயிருந்தார்கள்.

விஜயகுமார் அன்று வெகுநேரம் காப்பிக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் கேட்ட கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. நீங்க பாத்தீங்களா? எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்த்தாரே ஒழிய, என்ன நடந்தது என்று அவர் ஒரு தடவைகூடத் தேடவில்லை. ஒரு சாக்குப் பழத்தைத் தராசில் வைக்காமலே எடை எழுதியிருப்பாரா? செத்தாலும் எழுதியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட பிறகு, எல்லாரையும் களத்துக்கு வரச் சொன்னார்.

"அன்னிக்கு எப்புடி நடந்துச்சோ அப்புடியே ஒருக்கா நடத்திப் பாத்தரலாமுங்க," என்றார். "பாத்துட்டு எழுதறேன். அது என்ற புள்ளைக்குப் பாதகமா இருந்தாலும் சரி, சாதகமா இருந்தாலும் சரி. ஊரு என்ன வேணா பேசட்டும்."

ஜோஸ்வா முகக்கவசமும் கண்ணாடியுமாக வந்தார். தெரசம்மாள் சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு வந்து, கை கட்டி ஓரமாக நின்றார். ஷெர்லினும் கவிப்பிரியாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். பேட் பிடிக்க ஆள் வேண்டுமே என்று, சசிகலா டீச்சர் வாழவந்திக்கே போய் அந்த ஒல்லிப் பெண் சக்தியைத் தம் ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தார். அவள் வந்த இடத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு, கொடுத்த காப்பியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெயித்த அணிக்காரி, அவளுக்கு இந்தச் சண்டையில் என்ன இருக்கிறது?

"மொதல்ல சத்தத்தைப் பாத்தரலாமுங்க," என்றார் விஜயகுமார். "அன்னிக்குப் பாத்தவங்க ஆரும் இல்லை. கேட்டவங்க எல்லாரும் இருக்கறோம். கண்ணை மூடிக்கோங்க."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஷெர்லின் களத்துக்குக் கீழே இருந்த மண்தரையில் பந்தை ஓங்கி அடித்தாள்.

'தட்.'

அதுதான் என்று விஜயகுமார் சொல்லியிருந்தால் மகள் தப்பித்திருப்பாள். கவிப்பிரியா கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயகுமார் தலையைச் சாய்த்து யோசித்தார். "இது இல்லீங்க," என்றார். சொன்னதும், இத்தனை நாளில் அன்றுதான் மூச்சு நேராக வந்த மாதிரி இருந்தது.

அடுத்து ஷெர்லின் கவிப்பிரியாவின் கிளவுசில் பந்தைப் போட்டாள்.

'டப்.'

இப்போது எல்லாரும் தெரசம்மாளைப் பார்த்தார்கள். அதுதான் என்று அவர் சொன்னால் அவர் மகள் தப்பித்தாள். தெரசம்மாள் கண்ணைத் திறக்கவே இல்லை. "இன்னொருக்கா போடு கண்ணு," என்றார். ஷெர்லின் போட்டாள். தெரசம்மாள் நிதானமாகத் தலையை ஆட்டினார். "இதுவும் இல்லீங்க ரைட்டரய்யா. பொய் சொல்லக்கூடாது. அன்னிக்குக் கேட்டது வேற."

விஜயகுமாருக்குத் தெரசம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. இவரையா எடையில் ஏமாற்றுவேன் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பாவாயி அதைக் கவனித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் அவர் முழங்கையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"மாமா," என்றாள் ஷெர்லின் திடீரென்று. "எனக்குத் தலை வலிக்குது. வைல்டு பிட்ச்சுன்னே எழுதிக்கோங்க. நான் போட்ட பந்துதானே?"

"அவ சொல்றதைக் கேக்காதீங்கப்பா," என்றாள் கவிப்பிரியா. "எங்க வந்தாலும் பிடிக்கறதுக்குத்தான் கேட்சரு. என்ற பேருலயே எழுதுங்க."

"நீ சும்மா இரு. மண்ணுலதான் பட்டுச்சுன்னு நீதானே சொன்னே?"

"நீ கிளவுசுன்னு சொன்னீல்ல? அதையே சொல்லு."

மூன்று நாளாகப் பேசாத பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு சண்டையாகத்தான் இருந்தது. ஆனால் சண்டை போட்டுக்கொண்டே ஷெர்லின், கவிப்பிரியாவின் அவிழ்ந்த ஷூ லேசைக் காட்டி, "அதைக் கட்டு மொதல்ல, விழுந்து தொலைக்கப் போறே," என்றாள்.

விஜயகுமார் பென்சிலைக் கீழே வைத்தார். முன்பு இந்தத் தப்பை வாங்கிக்கொள்ள ஆளில்லை. இப்போது இரண்டு பேர் கையை நீட்டுகிறார்கள். இதற்கு ஏதாவது ரூல் இருக்கிறதா என்று ஜோஸ்வாவைப் பார்த்தார். ஜோஸ்வா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடியில் அப்போது பனி இல்லை.

"கடைசியா ஒருக்கா அந்தப் பந்தையே போட்டுப் பாத்தரலாமுங்க," என்றார் ஜோஸ்வா, தொண்டையைச் செருமிக்கொண்டு. "சக்தி, வா கண்ணு. அன்னிக்கு நின்ன எடத்துலயே நில்லு. ஷெர்லின் அதே மாதிரி உள்பக்கமாப் போடு."

சக்தி பேட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஷெர்லின் கையைச் சுழற்றினாள். பந்து வரும் முன்பே சக்தி ஒரு எட்டு பின்னால் போய்விட்டாள். பந்து ஒழுங்காகக் கவிப்பிரியாவின் கையில் வந்து உட்கார்ந்தது.

"அங்கில்லை கண்ணு. கிட்ட வா."

மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் சக்தி பின்னால் போனாள். பந்து மறுபடியும் கிளவுசுக்குள் போனது.

"அன்னிக்கு நின்ன எடத்துல நில்லு சாமி," என்றார் விஜயகுமார் கெஞ்சுகிற குரலில். "அப்பத்தானே நாங்க பாக்க முடியும்."

"அங்க நின்னா மறுபடியும் படுமுங்க," என்றாள் சக்தி.

"என்னது படும்?"

சக்தி கொஞ்சம் தயங்கினாள். பேட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, இடது காலின் பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். முட்டிக்குக் கீழே, பந்து அளவுக்கு வட்டமாக, பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. பந்தின் தையல்கூடப் பதிந்திருந்தது. அவள் காலில் இப்போது இருந்தது அவளுடைய சொந்தச் செருப்புதான், அளவான செருப்பு. அதிலும் அவள் விந்தித்தான் நடந்து வந்திருந்தாள் என்பது அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்தது.

"அப்பவே செத்த பந்துங்க அது," என்று முனகிக்கொண்டே ஜோஸ்வா முகக்கவசத்தைக் கையில் பிடித்தபடி களத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். ஷெர்லினும் கவிப்பிரியாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஏங்கண்ணு," என்றார் சசிகலா டீச்சர். "இதை அன்னிக்கே ஏன் சொல்லலை?"

சக்தி பயந்துபோய் டீச்சரையும் பார்த்தாள், ஜோஸ்வாவையும் பார்த்தாள்.

"பந்து பட்டுக் கத்துனாத்தானுங்க அவுட்டு? நான்தான் கத்தவே இல்லீங்களே," என்றாள்.